செலவுக்கு மிஞ்சிய வரவு

புதுவயலில் மூட்டை எண்ணுகிறவர்கள்
ஒன்று என்று தொடங்குவதில்லை.
லாபம், ரெண்டு, மூணு
என்று போகும் எண்ணிக்கை.
அரிசி ஆலைச் சுவரைத் தாண்டி
அந்தக் குரல் என் மேசைக்கு வரும்.
என் ஏட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.
அறக்கட்டளை அல்லவா.
மார்ச் முப்பத்தொன்றில் ஏதாவது மீந்தால்
'செலவுக்கு மிஞ்சிய வரவு' என்று எழுதவேண்டும்.
மீந்ததில்லை,
எழுதிப் பழக்கமும் இல்லை.

பழைய உமிக்கிடங்கில்
இரண்டு டயாலிசிஸ் இயந்திரம், இரண்டு கட்டில்,
வாரம் மும்முறை வருகிற பதினோரு பேர்.
நான் காலையில் உரக்கடைக்கு எழுதுவேன்,
மாலையில் இவர்களுக்கு.

ஒரு சனிக்கிழமை
கைரொக்கத்தில் பதினேழு ரூபாய் குறைந்தது.
பெட்டியைக் கவிழ்த்தேன்.
டீசல், பஞ்சு, தண்ணீர் லாரி, பூட்டுக்கு எண்ணெய்,
சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன்.
பதினேழு எங்கும் இல்லை.
'உங்க கைக்காசைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க உமையாள்'
என்றார் செயலாளர் ஆதப்பன்.
போடலாம்.
நான் போட்டால் அது நன்கொடை.
எனக்கே நான் ரசீது வெட்டவேண்டும்.
வெட்டினாலும்
குறைந்தது ஏன் என்பது
குறைந்தபடியே கிடக்கும்.

ஏழரைக்குப் பெருக்க வந்த சவரியம்மாள் சொன்னாள்:
'வியாழக்கிழமை கண்டனூர்க்காரருக்குச்
சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டுச்சு.
பெட்டியில எடுத்து சர்பத் வாங்கிக் குடுத்தேன்.
பெட்டிக்கடையில சீட்டா தருவான்?'
எழுதினேன்.
சர்பத், பதினேழு. சீட்டு இல்லை.
சாட்சி: குடித்தவர்.
ஆடிட்டர் சிரிப்பார்,
பிறகு பச்சை மையால் சுழிப்பார்.
சுழிக்கட்டும்.

பெரிய குறை வேறு.
சென்னையில் பல் வைத்தியம் பார்க்கும் விசாலாட்சி
அப்பா பேரில் அனுப்பிய ஆறரை லட்சம்,
மூன்றாவது இயந்திரத்துக்கென்றே வந்தது.
பேரேட்டில் தனிப் பக்கம், வங்கியில் தனிக் கணக்கு.
இயந்திரம் வர மூன்று மாதம் ஆகுமாம்.
சம்பளத் தேதி அதற்குள் வந்துவிட்டது.
பொதுக்கணக்கில் ஆறாயிரத்துச் சொச்சம்.

'எல்லாம் அதே நோயாளிக்குத்தானே' என்றார் ஆதப்பன்.
'எடுத்துக் குடுத்துருவோம்.
ஆலைக்காரங்க மகமை வந்ததும் திருப்பி வச்சிருவோம்.'
அவர் திருடர் இல்லை.
ஒருமுறை ஜெனரேட்டர் நின்றபோது
தன் ஸ்கூட்டரை அடகு வைத்து டீசல் ஊற்றியவர்.
அதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
கெட்டவர் கேட்டால்
மறுப்பதில் என்ன சிரமம்?

கொடுத்தவரையே கேளுங்கள் என்றேன்.
கேட்டார்.
போனில் அந்தப் பக்கம்
யாரோ பல் கடைகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு, 'வேண்டாம் சார்.
மெஷினுக்குக் குடுத்தது மெஷினுக்குத்தான்.'
எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது,
கேட்கச் சொன்னது நான்தான் என்றாலும்.

கொடுபட வேண்டிய சம்பளம்: நர்ஸ் பாத்திமுத்து, பதினாலாயிரம்.
தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.
கடனை அழகாக எழுதி என்ன?
அவள் வீட்டு அரிசிக்கு
என் கையெழுத்து ஆகுமா?
பதினோரு நாள் தாமதம்.
பதினோரு நாளும் வந்தாள், ஊசி குத்தினாள்,
நான் வாங்கிவைத்த டீயை
ஆறவிட்டுப் போனாள்.

மாசிக் கடைசியில் லாரி வந்தது.
ஆலையிலிருந்து நாலு பேர் இறக்கிக் கொடுத்தார்கள்,
கூலி வேண்டாம் என்று.
வேண்டாத கூலியையும்
பொருளாக வந்த நன்கொடை என்று எழுதலாமா,
ஆடிட்டரைக் கேட்கவேண்டும்.
பெட்டி தரையில் அமர்ந்ததும்
அதில் ஒருவன் பழக்கதோஷத்தில் அதைத் தட்டி
'லாபம்' என்று குரல் கொடுத்தான்.
ரெண்டு சொல்ல ஒன்றும் இல்லை.
அவனே சிரித்துவிட்டான்.

இருப்புப் பதிவேட்டில்
எண்ணிக்கை என்ற பத்தியில்
ஒன்று என்று எழுதினேன்.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்குப்
பாத்திமுத்துவைக் கூப்பிட்டேன்.
பேனாவுக்குக் கையை நீட்டினாள்.
எத்தனை நம்பர் மெஷின் என்று
இரண்டு முறை சரிபார்த்தாள்,
போட்டாள்.
என்னோடு இன்னும் பேசவில்லை.